உலகக் கந்தகக் கணக்கு: 71.5 சரியா, 120 சரியா?

மழைத்துளி97 எழுதியது:

வணக்கம். நான் சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலை இரண்டாம் ஆண்டு. 1850லிருந்து உலகத் தொழில்துறை காற்றில் விட்ட கந்தகம் எவ்வளவு என்று வரைபடம் போட்டு, அதைப் பற்றி இருபது பக்கம் எழுத வேண்டும். சுலபமான தலைப்பு என்று நானே கேட்டு வாங்கினேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

என்னிடம் இரண்டு அட்டவணைகள் இருக்கின்றன. இரண்டும் நல்ல ஆய்விதழ்களில் வந்தவைதான். 1990க்கு ஒன்று 71.5 மில்லியன் டன் என்கிறது, மற்றொன்று 120க்கும் மேல். உச்சம் எப்போது என்பதிலும் ஆளுக்கொரு பேச்சு: ஒருவர் 1970களின் தொடக்கம் என்கிறார், இன்னொருவர் 1989 என்கிறார். எதை நம்புவது? வழிகாட்டியிடம் கேட்டேன். "அதைக் கண்டுபிடிப்பதுதான் உன் ப்ராஜெக்ட்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

*

கணக்குப்பிள்ளை எழுதியது:

முதலில் அலகைப் பாருங்கள். 71.5 என்பது கந்தகம். 120 சொச்சம் என்பது கந்தக டைஆக்ஸைடு. கந்தகத்தின் அணு எடை 32, டைஆக்ஸைடின் மூலக்கூறு எடை 64. முதல் அட்டவணையை இரண்டால் பெருக்கினால் 143. பாதிச் சண்டை அதோடு தீர்ந்தது. இந்த இரண்டு மடங்குக் குழப்பத்தில் விழாதவர்கள் இந்தத் துறையில் குறைவு, வெட்கப்பட வேண்டாம்.

மிச்சம் இருப்பது 143க்கும் 120 சொச்சத்துக்கும் உள்ள இடைவெளி. அது நிஜமான இடைவெளி. உங்கள் முதல் அட்டவணை 1999ல் லெஃபோன் என்ற ஆய்வாளரும் ஹுசார் என்ற பெயருள்ள இருவரும் சேர்ந்து போட்டது, 1850லிருந்து 1990 வரை. அதில் 1850க்கு 1.2 மில்லியன் டன் கந்தகம் என்று இருக்கும். இரண்டாவது 2011ல் ஸ்டீவன் ஸ்மித் குழு போட்டது, 2005 வரை வருகிறது. 1989 உச்சம் என்றது டேவிட் ஸ்டெர்ன், 2005ஐ ஒட்டி. மூன்று பேரும் ஒரே உலகத்தைத்தான் எண்ணினார்கள். ஆளுக்கொரு பேரேட்டை வைத்து எண்ணினார்கள்.

*

மழைத்துளி97 எழுதியது:

ஐயோ, அலகு! இரண்டு வாரம் வீண். நன்றி சார்.

ஆனால் ஒரு அடிப்படைச் சந்தேகம். 1850ல் இதை யார் அளந்தார்கள்?

*

பாய்லர்தாத்தா எழுதியது:

யாரும் அளக்கவில்லை அம்மா. 1850ல் மட்டுமல்ல, 1950லும் அநேகமாக யாரும் அளக்கவில்லை. எல்லாம் கணக்கு.

நான் முப்பத்தி நான்கு வருடம் அனல்மின் நிலைய ஆய்வகத்தில் இருந்தவன். எப்படிக் கணக்கு வருகிறது என்று ஒரு யூனிட்டை வைத்துச் சொல்கிறேன். 210 மெகாவாட் யூனிட் முழு லோடில் ஓடினால் நாளைக்குச் சுமார் 3500 டன் நிலக்கரி தின்னும். நம் நாட்டு நிலக்கரியில் கந்தகம் அரை சதவீதத்தை ஒட்டி இருக்கும். 3500 டன்னில் அரை சதவீதம் 17.5 டன். கொஞ்சம் சாம்பலோடு தங்கிவிடும், இப்போதைக்கு அதை விடு. மிச்சம் எரிந்து டைஆக்ஸைடு ஆகும்போது எடை இரட்டிக்கும். ஆக நாளைக்கு 35 டன் சிம்னி வழியாகப் போகிறது. எரிபொருள், அதில் கந்தகம், அதிலிருந்து சாம்பலில் தங்கியது கழித்து, பிடித்தது கழித்து, இரண்டால் பெருக்கு. 1850க்கும் இதே வாய்ப்பாடுதான்.

கந்தகத்தில் ஒரு சௌகரியம் உண்டு. நைட்ரஜன் ஆக்ஸைடு என்றால் தீ எவ்வளவு சூடு, காற்று எவ்வளவு என்பதைப் பொறுத்து மாறும். கந்தகம் அப்படி இல்லை. உள்ளே போனது ஏதாவது ஒரு வழியில் வெளியே வந்தாக வேண்டும். அதனால்தான் நூற்றைம்பது வருடத்துக்குப் பின்னோக்கிப் போய்க் கணக்குப் போட ஆட்களுக்குத் தைரியம் வருகிறது.

சிக்கல் அந்த அரை சதவீதத்தில் இருக்கிறது. அது 0.5 இல்லாமல் 0.4 என்றால் ஒரே யூனிட்டில் நாளைக்கு 7 டன் வித்தியாசம்.

*

நேர்பேச்சு எழுதியது:

ஒரு எரிமலை வெடித்தால் இதெல்லாம் தூசு. இதற்குப் போய் இத்தனை ஆராய்ச்சியா?

*

கணக்குப்பிள்ளை எழுதியது:

நல்ல கேள்வி, பதில் சின்னது. 1991ல் பினாடுபோ வெடித்தபோது வெளிவந்தது 15 முதல் 20 மில்லியன் டன் டைஆக்ஸைடு. வெடிக்காமல் சும்மா புகைந்துகொண்டிருக்கும் எரிமலைகள் எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு 20 மில்லியன் டன்னுக்குச் சற்று மேல். மனிதர்கள் உச்சத்தில் விட்டது வருடத்துக்கு 130ஐ ஒட்டி, அதுவும் வருடா வருடம். பினாடுபோ அடுக்கு மண்டலம் வரை போனதால் இரண்டு வருடம் உலகையே லேசாகக் குளிர வைத்தது. நம் சிம்னிப் புகை சில நாளில் மழையோடு கீழே வந்துவிடும். அளவில் தூசு நாம் இல்லை.

*

மழைத்துளி97 எழுதியது:

பாய்லர்தாத்தா ஐயா, அந்த அரை சதவீதம் எங்கிருந்து வருகிறது? வேகன் வேகனாக யாராவது சோதிக்கிறார்களா?

*

பாய்லர்தாத்தா எழுதியது:

சோதிக்க வேண்டும். எப்படிச் சோதிப்பது என்று சொல்கிறேன், இதைப் புத்தகத்தில் படிப்பது வேறு.

கன்வேயரிலிருந்து மண்வெட்டியால் அள்ளிய கரி ஒரு தார்ப்பாய் மேல் குவியும். அதைக் கூம்பாகக் கொட்டி, தட்டையாக்கி, நான்காக வகுந்து, எதிரெதிர்க் கால் பங்குகளை மட்டும் எடுத்து மறுபடி கூம்பு. இப்படியே குறைத்துக் குறைத்து, ஒரு ரயில் வண்டிக் கரி கடைசியில் ஒரு கைப்பிடிப் பொடியாகும். அதில் ஒரு கிராம். எஷ்கா கலவை என்று ஒன்று, மெக்னீசியம் ஆக்ஸைடு இரண்டு பங்கு, சோடியம் கார்பனேட் ஒரு பங்கு. கரியை அதோடு கலந்து மஃபிள் உலையில் 800 டிகிரியில் வைக்க வேண்டும். பிறகு வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, அமிலம் விட்டு, கொதிக்கும்போது பேரியம் குளோரைடைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பால் திரிந்தது மாதிரி வெள்ளையாக இறங்கும். இரவு முழுக்க அப்படியே வைத்துவிட்டு, மறுநாள் வாட்மன் 42 தாளில் வடிகட்டி, தாளோடு எரித்து, எடை போட்டு 0.1374ஆல் பெருக்கு. அந்த எண்தான் கந்தகம்.

ஒரு நாளைக்கு ஒருவரால் நான்கு மாதிரி செய்யலாம். வந்த வண்டியோ அதைவிட அதிகம். அப்புறம், எல்லா மாதமும் பேரியம் குளோரைடு இருக்காது. இண்டென்ட், அதாவது சாமான் கேட்டுச் சீட்டு, போட்டால் ஸ்டோர்ஸில் "வரும்" என்பார்கள். ஒரு முறை உலையின் சூட்டுக் கம்பிச்சுருளும் போயிற்று. மாத அறிக்கை மட்டும் ஐந்தாம் தேதி போயாக வேண்டும். என்ன செய்வோம்? போன மாதத்து எண்ணை எழுதுவோம். அப்படி நானே மூன்று மாதம் தொடர்ந்து 0.48 என்று எழுதியிருக்கிறேன். எந்த நிலையம் என்று கேட்காதே. அந்த 0.48 தலைமை அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து டெல்லிக்குப் போய், அப்புறம் எந்த நாட்டு ஆராய்ச்சிக்காரர் அட்டவணையில் உட்கார்ந்திருக்கிறதோ.

*

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஐயா சொன்னது இந்த இழையிலேயே முக்கியமான விஷயம். இதற்கு மேல் நான் சொல்லப்போவது அதற்கு விளக்கவுரைதான்.

1850க்கு வருவோம். பிரிட்டனில் நிலக்கரி உற்பத்தியை ராபர்ட் ஹன்ட் என்பவர் 1854லிருந்து ஆண்டுதோறும் தொகுத்தார். அதற்கு முந்தையது எல்லாம் மதிப்பீடு. அன்றைக்கு உலகக் கரியில் பாதிக்கு மேல் பிரிட்டனில்தான் வெட்டினார்கள் என்பதால், அந்தப் பேரேடு கிடைத்தால் உலகக் கணக்கில் பெரும்பகுதி கிடைத்த மாதிரி. ஆனால் அவர் டன்னை எழுதினார், கந்தகத்தை எழுதவில்லை. அதனால் பின்னாளில் அதே சுரங்கப் பகுதிகளில் சோதித்த சதவீதத்தையே 1850க்கும் போடுகிறோம். மேல் அடுக்கில் வெட்டிய கரிக்கும் நூறு வருடம் கழித்து ஆழத்தில் வெட்டிய கரிக்கும் ஒரே கந்தகம் என்று நம்பிக்கொண்டு.

இதில் எத்தனை தப்பு வரும் என்பதற்கு அமெரிக்கா நல்ல உதாரணம். இல்லினாய் கரியில் கந்தகம் 3 சதவீதம் வரையும் அதற்கு மேலும் போகும். வயோமிங்கின் பவுடர் ரிவர் கரியில் அரை சதவீதத்துக்கும் கீழே. 1980ல் ரயில் கட்டணக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். மேற்கத்திக் கரி மலிவாகக் கிழக்கே வரத் தொடங்கியது. எரித்த டன் குறையாமலே புகை குறைந்தது. நாடு முழுவதற்கும் ஒரே சதவீதம் போட்டவர் கணக்கில் இது தெரியவே தெரியாது. 1995லிருந்து அங்கே பெரிய மின்நிலையச் சிம்னிகளில் கருவி வைத்து மணிக்கு மணி அளக்கிறார்கள், ஏனென்றால் அந்த வருடம் புகைக்கு உரிமச் சீட்டு விற்கும் சந்தை தொடங்கியது. காசு என்று வந்ததும் அளவு துல்லியமாகிவிட்டது பாருங்கள்.

*

சட்பரிவாசி எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப இருபது வருசமாகக் கனடாவில சட்பரியில இருக்கிறன். நீங்கள் எல்லாரும் கரியைப் பற்றியே கதைக்கிறீர்கள், உலோக உருக்காலைகளை மறந்துவிட்டீர்கள். அதனால்தான் உள்ளே வந்தனான்.

எங்கட வீட்டுக்குப் பின்னால் உள்ள பாறை கறுப்பு. புதிதாக வாறவர்கள் இந்த ஊர்ப் பாறையே அப்பிடி என்று நினைப்பார்கள். ஒரு துண்டை உடைத்துப் பார்த்தால் உள்ளுக்குள் வெளிர் நிறம். கறுப்பு முழுக்க உருக்காலைப் புகையின் வேலை. இஞ்ச 1880களின் கடைசியிலிருந்து 1929 வரை நிக்கல், செப்புத் தாதுவை வெட்டவெளியில் வறுத்தார்கள். விறகை அடுக்கி, அதற்கு மேல் தாதுவைக் குவித்து, தீ வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மாதக்கணக்கில் எரியும். சிம்னியே கிடையாது, புகை நிலத்தோடு தவழும். விறகுக்கென்று வெட்டினது போக மிஞ்சின மரத்தைப் புகை கொன்றுபோட்டது. 1960ஐ ஒட்டி இந்த ஒரு ஊர் மட்டும் வருசத்துக்கு 25 லட்சம் டன் டைஆக்ஸைடு விட்டது. 1972ல் 381 மீட்டரில் புகைபோக்கி கட்டினார்கள். ஊருக்குள் மூச்சு விடக்கூடியதாக வந்தது, புகை தூரத்துக் குளங்களில் போய் விழுந்தது. 1978லிருந்து சுண்ணாம்பு தூவி மரம் நட்டு, இப்ப பச்சையாக இருக்கு.

ஒரு கேள்வி அண்ணை. சிம்னியே இல்லாத காலத்துக்கு ஆலைக் கணக்கு எப்படிப் போடுகிறீர்கள்?

*

கணக்குப்பிள்ளை எழுதியது:

கரியைவிட இது சுலபம், ஆச்சரியமாக இருக்கும். சால்கோபைரைட் என்ற செம்புத் தாதுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செம்பு, ஒரு இரும்பு, இரண்டு கந்தகம். எடையில் செம்பு 35 சதவீதத்தை ஒட்டி, கந்தகமும் அதே அளவு. அதாவது ஒரு டன் செம்பு எடுத்தால் ஒரு டன் கந்தகம் வந்தே தீரும், காற்றில் விட்டால் இரண்டு டன் டைஆக்ஸைடு. செம்பைக் காசுக்கு விற்பதால் அதன் கணக்கை யாரும் தொலைப்பதில்லை. 19ஆம் நூற்றாண்டுச் செம்பு உற்பத்தி நாடு வாரியாகக் கிடைக்கிறது. அதிலிருந்து அந்தந்த ஆலை பிடித்துக் கந்தக அமிலமாக்கியதைக் கழிக்க வேண்டும். ஒரு டன் கந்தகம் மூன்று டன் அமிலம். அமிலமும் விற்பனைச் சரக்கு, அதற்கும் பேரேடு உண்டு.

உங்கள் ஊரில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. நிக்கல் தாதுவோடு பைரோடைட் என்ற இரும்புச் சல்பைடு மூட்டை மூட்டையாக வரும். நிக்கல் டன்னை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் கந்தகம் எக்கச்சக்கமாகக் குறைந்துவிடும். சைபீரியாவின் நோரில்ஸ்க்கும் அதே வகைத் தாதுதான். அங்கே சமீப காலம் வரை வருடத்துக்கு 18 முதல் 20 லட்சம் டன். ஒரே ஊர்! பல நாடுகள் மொத்தமாகவே அவ்வளவு விடுவதில்லை.

ஸ்பெயினில் ரியோ டின்டோவில் இதே வெட்டவெளி வறுவலை எதிர்த்துத் தொழிலாளரும் விவசாயிகளும் 1888 பிப்ரவரியில் ஊர்வலம் போனார்கள். பட்டாளம் சுட்டது. அந்த ஊரில் அதைத் துப்பாக்கிச்சூட்டு ஆண்டு என்றே சொல்வார்கள்.

*

தென்முனை எழுதியது:

உருக்காலை என்றதும் தூத்துக்குடியை ஏன் யாரும் சொல்லவில்லை?

*

நெறியாளர் எழுதியது:

தூத்துக்குடி ஆலைக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே நாற்பது பக்கம் ஓடியிருக்கிறது. இங்கே உலகக் கணக்கு மட்டும். தயவுசெய்து.

*

கடலோடி எழுதியது:

உலகக் கணக்கு என்றால் கப்பலும் உண்டுதானே. நான் என்ஜின் ரூம் ஆள்.

நாட்டு வாரியாகக் கூட்டினால் கப்பல் எந்த நாட்டிலும் வராது. பனாமா கொடி, கிரேக்க முதலாளி, சிங்கப்பூரில் நிரப்பிய எண்ணெய், அதை எரிப்பது அரபிக் கடலில். யார் கணக்கில் எழுதுவது? பங்கர், அதாவது கப்பல் எரிபொருள், விற்பனைப் புள்ளிவிவரத்தை வைத்துக் கூட்டினால் ஒரு எண் வரும். கப்பல்கள் எத்தனை, என்ஜின் எத்தனை கிலோவாட், எத்தனை மணி நேரம் ஓடியது என்று கூட்டினால் அதைவிடக் கணிசமாகப் பெரிய எண் வரும். 2000களின் தொடக்கத்தில் இதை வைத்து ஆராய்ச்சிக்காரர்கள் நன்றாகவே முட்டிக்கொண்டார்கள்.

சதவீதத்தைப் பொறுத்தவரை நாங்கள் தாத்தாவைவிடக் கொஞ்சம் ஒழுங்கு. எண்ணெய் ஏற்றும்போதே சொட்டுச் சொட்டாக ஒரு மாதிரி பிடித்து, பாட்டிலில் சீல் வைத்து, ரசீதில் கந்தகம் எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். அந்தப் பாட்டிலைக் கப்பலில் ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும். 2020 ஜனவரி 1 வரை 3.5 சதவீதம் வரை அனுமதி, அன்றிலிருந்து 0.5. அதற்கு முந்தைய மூன்று மாதம் டேங்க் கழுவியே எங்கள் முதுகு போயிற்று. அடியில் தார் மாதிரி ஒட்டியிருக்கும் கசடு கொஞ்சம் இருந்தாலும் புது எண்ணெய் கெட்டுப் பரிசோதனையில் தோற்றுவிடும்.

இன்னொன்று. சில கப்பல்களில் பழைய எண்ணெயையே எரித்து, புகையைக் கடல் நீரால் கழுவி, அந்தத் தண்ணீரைக் கடலிலேயே விடுகிறார்கள். காற்றுக் கணக்கில் குறைவு. தாத்தா சொன்ன மாதிரி உள்ளே போனது வெளியே வந்துதானே ஆக வேண்டும், இப்போது தண்ணீரில் வருகிறது.

*

மழைத்துளி97 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, நான் குறிப்பு எடுத்துக்கொண்டே இருக்கிறேன். இப்போது உச்ச ஆண்டுப் பிரச்சினை. 1970களா, 1989ஆ?

*

கணக்குப்பிள்ளை எழுதியது:

வாங்க, இதுதான் எனக்குப் பிடித்த இடம்.

1970களிலிருந்து 1989 வரை உலக வரைபடம் ஒரு மேடு மாதிரி, உச்சி தட்டையாக இருக்கும். மேற்கு ஐரோப்பாவும் அமெரிக்காவும் இறங்குகின்றன, கிழக்கு ஐரோப்பாவும் ஆசியாவும் ஏறுகின்றன. தட்டையான மேட்டில் எந்தக் கல் உயரம் என்பதைச் சின்னப் பிழைகளே தீர்மானிக்கும். ஸ்மித் அட்டவணையிலேயே உலக மொத்தத்துக்கு 8 முதல் 14 சதவீதம் வரை முன்பின் இருக்கலாம் என்று போட்டிருப்பார்கள். சில வட்டாரங்களுக்கு 30 சதவீதம் வரை போகும். இந்த அகலத்தை வைத்துக்கொண்டு உச்சம் இந்த வருடம்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

ஆனால் 1989க்குப் பிறகு விழுந்தது சந்தேகமில்லாமல் நிஜம். கிழக்கு ஜெர்மனி, செக், போலந்து மூன்றும் சேரும் மூலையைக் கறுப்பு முக்கோணம் என்பார்கள். பழுப்பு நிலக்கரியை எரித்தே மலைக்காடு செத்த இடம். ஆட்சிகள் கவிழ்ந்தன, ஆலைகள் மூடின, மிஞ்சியவற்றுக்குச் சுத்திகரிப்பு வந்தது. சோவியத் தொழில்துறையும் சரிந்தது.

சீனாதான் கதையின் ருசியான பகுதி. ஸ்டெர்ன் கணக்கில் கிழக்கு ஆசியாவும் 1996ல் உச்சம் தொட்டு இறங்கிவிட்டது என்று வந்தது. அந்த வருடங்களில் சீனப் புள்ளிவிவரத்தில் நிலக்கரி உபயோகம் நிஜமாகவே குறைந்து காட்டியது. சிறு சுரங்கங்களை மூடச் சொல்லி உத்தரவு போட்டிருந்தார்கள். காகிதத்தில் மூடியவற்றில் பல நிலத்தடியில் மூடவில்லை. பிற்பாடு பொருளாதாரக் கணக்கெடுப்பு நடத்தி, பழைய ஆண்டுகளின் எண்ணை உயர்த்தித் திருத்தினார்கள். அதற்குள் 2000க்குப் பிறகு மின்நிலையங்கள் காளான் மாதிரி முளைத்து, கந்தகம் விறுவிறுவென்று ஏறிவிட்டது. ஸ்டெர்ன் மேல் பழி இல்லை. அவருக்குக் கிடைத்த பேரேடு அப்படி. நம் பாய்லர்தாத்தா பேரியம் குளோரைடு இல்லாமல் 0.48 எழுதினார், அங்கே சுரங்க மேஸ்திரி பூஜ்யம் எழுதினார்.

*

மழைத்துளி97 எழுதியது:

வட்டாரத்துக்கு 30 சதவீதம் பிழை, ஆனால் மொத்தத்துக்கு 14தானா? எப்படிக் கூட்டினால் பிழை குறையும்?

*

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஒரு கடையில் கூட எழுதுவான், இன்னொரு கடையில் குறைத்து எழுதுவான், தெரு மொத்தத்தில் ஓரளவு சரிக்கட்டிப் போகும். ஆனால் தெரு முழுக்க ஒரே கோணல் தராசை வைத்திருந்தால் எத்தனை கடையைக் கூட்டினாலும் கோணல் போகாது. தகவல் இல்லாத நாடுகளுக்கெல்லாம் ஒரே சதவீதத்தை ஒட்டிப் போட்டிருந்தால் அது அந்தத் தராசு. ஸ்டெர்ன் விடுபட்ட ஆண்டுகளில் சிலவற்றை நாட்டின் வருமானத்துக்கும் புகைக்கும் உள்ள உறவிலிருந்து நிரப்பினார். அப்படி நிரப்பிய எண்ணை எடுத்துப் போய், பணக்கார நாடானால் புகை தானாகக் குறைகிறது என்று நிரூபிக்கப் பார்த்தால் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருவீர்கள். உங்கள் ப்ராஜெக்ட்டில் அதைச் செய்யாதீர்கள்.

*

வானம்பாடி எழுதியது:

தொலையுணர்வுக்காரன் தலையை நீட்டலாமா? பேரேட்டை நம்பாதவர்களுக்கு வானத்திலிருந்து ஒரு கண் இருக்கிறது. 2004ல் ஆரா செயற்கைக்கோளோடு ஓஎம்ஐ என்ற கருவி போனது. கந்தக டைஆக்ஸைடு விழுங்கும் புற ஊதா ஒளியைப் பார்த்து, அடியில் எவ்வளவு என்று சொல்லும். காற்றின் திசையை வைத்துப் பல வருடப் படங்களைச் சுழற்றி அடுக்கினால் ஒவ்வொரு பெரிய ஆலையும் வால் நீட்டிய புள்ளியாகத் தெரியும்.

2016ல் அந்தப் புள்ளிகளைப் பேரேடுகளோடு ஒப்பிட்டார்கள். எந்தப் பேரேட்டிலும் இல்லாத மூலங்கள் கிட்டத்தட்ட நாற்பது கிடைத்தன. அவற்றில் 14 பாரசீக வளைகுடாவைச் சுற்றி, பெரும்பாலும் எண்ணெய், எரிவாயு. எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 7 முதல் 14 மில்லியன் டன், அதாவது மனிதர் விடுவதில் 6 முதல் 12 சதவீதம். கணக்குப்பிள்ளை சொன்ன முன்பின் அகலத்துக்குப் பக்கத்தில் வருகிறது பாருங்கள்.

அடுத்த வருடம் இன்னொரு முடிவு. 2007க்குப் பிறகு சீனாவின் அளவு 75 சதவீதம் குறைந்தது, அதே காலத்தில் இந்தியாவின் அளவு 50 சதவீதம் ஏறியது. உலகில் முதலிடம் நமக்கு வரப்போகிறது என்று அப்போதே எழுதினார்கள்.

குறையும் சொல்லிவிடுகிறேன். வருடத்துக்கு முப்பதாயிரம் டன்னுக்குக் கீழே விடுகிற மூலம் இதன் கண்ணில் அநேகமாகப் படாது. 1850க்கோ கேட்கவே வேண்டாம், அதற்குக் கிரீன்லாந்துப் பனிதான் சாட்சி. வருடா வருடம் படிந்த பனியைத் துளைத்து எடுத்த தண்டில் சல்ஃபேட் 1900ஐ ஒட்டி ஏறத் தொடங்குகிறது, 1930களின் பொருளாதார மந்தத்தில் தளர்கிறது, 1970களில் உச்சம் போய்ப் பிறகு இறங்குகிறது. அமெரிக்கா, ஐரோப்பாவின் பேரேட்டோடு நன்றாகவே ஒத்துப்போகும். ஆனால் கிரீன்லாந்து பார்ப்பது தன் மேற்கிலும் கிழக்கிலும் இருப்பவர்களை. சீனாவையும் நம்மையும் அதில் தேடாதீர்கள்.

*

தென்முனை எழுதியது:

நம் கரியில் கந்தகம் அரை சதவீதம்தான், அதனால் சிம்னிப் புகையைக் கழுவிக் கந்தகத்தைப் பிடிக்கும் எந்திரம் தேவையில்லை என்கிறார்களே, அதுவும் இதே கணக்குதானே? 2015 டிசம்பரில் விதி போட்டு, இரண்டு வருடத்தில் முடிக்கச் சொல்லி, தள்ளித் தள்ளி, 2025 ஜூலையில் கிட்டத்தட்ட 78 சதவீத யூனிட்டுகளுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். நெறியாளரே, இது உலகக் கணக்கில் வரும், வெட்டாதீர்கள்.

*

பாய்லர்தாத்தா எழுதியது:

இதில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. அரை சதவீதம் என்பது கரியின் எடையில். நம் கரியில் ஐந்தில் இரண்டு பங்கு வெறும் சாம்பல், கிலோவுக்கு 3500 கிலோகலோரி வந்தால் பெரிய விஷயம். நல்ல கரியில் 6500 வரும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நாங்கள் 700 கிராம் எரித்தோம், நல்ல கரி கிடைக்கிற நாட்டுக்காரர்கள் 360 கிராம் எரிப்பார்கள். எங்கள் 700 கிராமில் அரை சதவீதம், அவர்கள் 360 கிராமில் ஒரு சதவீதம். போட்டுப் பார், இரண்டும் ஒரு யூனிட்டுக்கு 7 கிராம் டைஆக்ஸைடு. குறைந்த கந்தகக் கரி என்ற பேச்சு தாளில் அழகு, சிம்னி உச்சியில் வித்தியாசம் தெரியாது. விலக்குக்கு வேறு காரணங்கள் சொல்கிறார்கள், செலவு, தண்ணீர், சுண்ணாம்புக்கல். அதைப் பற்றி விவாதிக்கலாம். இந்தக் காரணத்தை மட்டும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

முன்னே சாம்பலில் தங்குவதை விடு என்றேன் அல்லவா. நெய்வேலி மாதிரிப் பழுப்பு நிலக்கரிக்கு அதை விடக்கூடாது. அந்தச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம், எரியும்போதே கந்தகத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கறுப்புக் கரிக்குப் போடுகிற ஐந்து, பத்து சதவீதத்தைப் பழுப்புக்கும் போட்டால் தப்பு.

*

கணக்குப்பிள்ளை எழுதியது:

டீசலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1990களின் நடுவில் நம் டீசலில் கந்தகம் 1 சதவீதம் வரை இருந்தது, அதாவது 10,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்தாயிரம் பங்கு). 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற வாகனப் புகை விதி வந்தபோது 10 பிபிஎம். ஆயிரத்தில் ஒரு பங்கு. பழைய எண்ணை அப்படியே நீட்டிப் போட்ட அட்டவணைகள் இன்னும் சுற்றுகின்றன.

*

சட்பரிவாசி எழுதியது:

அந்தக் கந்தகம் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லையே. எண்ணெயிலிருந்து பிரித்து எடுத்தது மஞ்சள் பாளமாகக் குவிந்து கிடக்கு. ஆல்பர்ட்டாவில நான் ஒருக்கால் நேரில பார்த்தனான், கோயில் மதில் போல மஞ்சள் மலை.

*

மழைத்துளி97 எழுதியது:

பத்து நாளாக வரவில்லை, மன்னிக்கவும். மூன்று அட்டவணையையும் ஒரே அலகுக்கு மாற்றி, ஒரு கோட்டுக்குப் பதிலாக அகலமான பட்டையாகப் போட்டேன். 1989ம் 1970களும் பட்டைக்குள்ளேயே அடங்கிவிட்டன. வழிகாட்டி பார்த்துவிட்டு, "பரவாயில்லை, கற்றுக்கொண்டாய்" என்றார். அவர் வாயில் இது பெரிய பாராட்டு.

இன்னொன்று. இந்தியப் பகுதிக்காகப் பழைய அறிக்கைகளை நூலகத்தில் புரட்டினேன். எல்லாம் பழுப்பேறிப் பொடியாக உதிர்கிறது. ஒரு நிலையத்தின் மாதவாரிப் பட்டியலில் கரியின் கந்தகம்: ஜூன் 0.48, ஜூலை 0.48, ஆகஸ்ட் 0.48. செப்டம்பரில் 0.37.

பாய்லர்தாத்தா ஐயா, அது நீங்களா?

*

பாய்லர்தாத்தா எழுதியது:

செப்டம்பரில்தான் இண்டென்ட் போட்ட சரக்கு வந்தது.

அப்படியென்றால் அந்த மூன்று மாதமும் 0.37ஆகத்தான் இருந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம், அதே சுரங்கத்துக் கரிதான் வந்துகொண்டிருந்தது. 0.11 சதவீதம், 3500 டன், 92 நாள், இரண்டால் பெருக்கு. ஒரு யூனிட்டுக்கு 700 டன் கூடக் காட்டியிருக்கிறேன். அங்கே இருந்தது நான்கு யூனிட்.

*

மழைத்துளி97 எழுதியது:

அடிக்குறிப்பில் போடட்டுமா ஐயா?

*

பாய்லர்தாத்தா எழுதியது:

போடு. நிலையத்தின் பெயர் வேண்டாம். பேரியம் குளோரைடு இருப்பில் இல்லை என்பதை மட்டும் மறக்காமல் எழுது.